என்எஸ்எல்யு2-லினக்ஸ்

என்எஸ்எல்யு2-லினக்ஸ் என்பது லிங்க்சிஸ் நிறுவனத்தின் என்எஸ்எல்யு2 என்னும் சிறிய வலையமைப்புச் சேமிப்புக் கருவிக்கு மாற்று நிலைபொருள்களை உருவாக்கிய தன்னார்வலர் திட்டமாகும். ஒரு கருவியின் நினைவகத்தில் பதிக்கப்பட்டு அதனை இயக்கும் மென்பொருள் நிலைபொருள் எனப்படும். யூஎஸ்பி வன்தட்டை வீட்டு வலையமைப்பில் பகிர்வதற்கென விற்கப்பட்ட இக்கருவி, இத்திட்டத்தின் விளைவாக முழுமையான லினக்ஸ் வழங்கியாகவும் பயன்பட்டது. அதன் பெயரின் எழுத்துக்களை ஒட்டிப் பயனர்கள் அதனை "ஸ்லக்" என்று அழைத்தனர். ஆங்கிலத்தில் இச்சொல் ஓடில்லா நத்தையைக் குறிக்கும்.

கருவியின் அமைப்பு

என்எஸ்எல்யு2 2004 இல் வெளியானது. 2008 இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்த இன்டெல் ஐஎக்ஸ்பி420 செயலி, 32 மெகாபைட் நினைவகம், 8 மெகாபைட் பிளாஷ் நினைவகம், இரண்டு யூஎஸ்பி 2.0 துறைகள், ஓர் ஈதர்நெட் துறை ஆகியன இதில் உள்ளன. செயலி 266 மெகாஹெர்ட்சில் இயங்க வல்லது. எனினும் தொடக்ககாலக் கருவிகளில் அது 133 மெகாஹெர்ட்சில் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. சுற்றுப்பலகையில் உள்ள ஒரு மின்தடையத்தை நீக்கிப் பயனர்கள் முழு வேகத்தைப் பெற்றனர்.

மூல நிரல்

லிங்க்சிசின் நிலைபொருள் லினக்ஸ் கருனியின் 2.4.22 ஆம் பதிப்பைக் கொண்டிருந்தது. லினக்ஸ் கருனி குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகிறது. இவ்வுரிமத்தின்படி, மென்பொருளை இயங்கு வடிவில் வழங்குபவர் அதன் மூல நிரலையும் பெறுபவருக்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும். அதே நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி திசைவிக்கு 2003 இல் இவ்வாறு வெளியான மூல நிரலே ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்திற்கு அடிப்படையாயிற்று. என்எஸ்எல்யு2 இன் மூல நிரலும் வெளியிடப்பட்டதால், தன்னார்வலர்கள் கருவியின் உள்ளமைப்பை அறிந்து அதற்கேற்ற மென்பொருளை எழுத முடிந்தது.

நிலைபொருள் வகைகள்

* அன்ஸ்லங்: லிங்க்சிசின் நிலைபொருளை அடிப்படையாகக் கொண்டது. பழைய வலைப்பக்க இடைமுகம் மாறாமல் இருக்கும். கோப்பு முறைமை வன்தட்டுக்கு மாற்றப்படுவதால், கூடுதல் மென்பொருள்களை நிறுவ இடம் கிடைக்கும். இதற்கென உருவான ஆப்ட்வேர் பொதித் தொகுப்பு பின்னர் வேறு நிறுவனங்களின் கருவிகளிலும் பயன்பட்டது.
* ஸ்லக்ஓஎஸ்: தொடக்கத்தில் ஓப்பன்ஸ்லக் எனப்பட்டது. 2.6 கருனியைக் கொண்டு புதிதாகக் கட்டமைக்கப்பட்டது. கட்டளை வரி வழியாகவே நிர்வகிக்கப்படும்.
* டெபியன்: 2007 இல் வெளியான டெபியன் 4.0 இக்கருவியை ஆதரித்தது. கருனி பிளாஷ் நினைவகத்திலும் ஏனையவை வன்தட்டிலும் இருக்கும். 32 மெகாபைட் நினைவகமே உள்ளதால், ஒரே வேளையில் பல சேவைகளை இயக்குவது கடினம்.

நிறுவுதலும் மீட்டலும்

அன்ஸ்லங் நிலைபொருளைக் கருவியின் மேம்படுத்தல் பக்கத்தின் வழியாகவே ஏற்றலாம். பதிவேற்றம் இடையில் தடைபட்டாலும் கருவியை மீட்க இயலும். ரெட்பூட் என்னும் தொடக்கி பிளாஷ் நினைவகத்தில் தனிப் பகுதியில் இருப்பதே இதற்குக் காரணம். மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தியவாறே கருவியை இயக்கி, விளக்கின் நிறம் சிவப்பாக மாறியதும் பொத்தானை விட்டுவிட்டால், கருவி மேம்படுத்தல் நிலைக்குச் செல்லும். பின்னர் அப்ஸ்லக்2 என்னும் நிரலைக் கொண்டு வேறொரு கணினியிலிருந்து நிலைபொருளை அனுப்பலாம். ரெட்பூட் பகுதியே அழிந்துவிட்டால் இம்முறை பயன்படாது. சுற்றுப்பலகையில் ஜேடேக் இணைப்பை ஏற்படுத்தியே மீட்க வேண்டும்.

மூடிய நுண்நிரல்

கருவியின் மென்பொருள் முழுவதும் திறந்த மூலமாக இருக்கவில்லை. ஐஎக்ஸ்பி420 இன் ஈதர்நெட் பகுதி இயங்குவதற்கு இன்டெலின் நுண்நிரல் தேவை. அதன் உரிமம் கட்டற்றதன்று. எனவே டெபியன் தனது அலுவல்முறை நிறுவியில் அதனைச் சேர்க்கவில்லை. திரை இல்லாத இக்கருவியில் வலையமைப்பின் வழியாகவே நிறுவ வேண்டியிருந்தது. நுண்நிரல் இன்றி உள்ளமைந்த ஈதர்நெட் துறை இயங்காது. நுண்நிரல் சேர்க்கப்பட்ட அலுவல்சாரா நிறுவியைப் பயனர்கள் தனியே பெற வேண்டியிருந்தது. கட்டற்ற இயக்கி பின்னர் எழுதப்பட்டபோதும் நுண்நிரலின் தேவை நீங்கவில்லை.

மின்தடையும் கருவியும்

மின்சாரம் தடைபட்டு மீண்டும் வந்தாலும் என்எஸ்எல்யு2 தானாக இயங்கத் தொடங்காது. பொத்தானை அழுத்த வேண்டும். மின்தடை மிகுந்த இடங்களில் இதனை வழங்கியாகப் பயன்படுத்த இது பெருந்தடையாகும். சிலர் சுற்றுப்பலகையில் சிறு மாற்றம் செய்து இக்குறையை நீக்கினர். எழுதும் வேளையில் மின்சாரம் நின்றால் தரவு இழப்பு ஏற்படலாம் என்பதால், முதன்மைக் கோப்புகளின் மற்றொரு படியை வேறிடத்தில் வைத்தல் தேவை.

பிந்தைய நிலை

2015 இல் வெளியான டெபியன் 8 இக்கருவிக்கான ஆதரவைக் கைவிட்டது. பழைய நிலைபொருள்களுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைப்பதில்லை. எனவே அவற்றைக் கொண்ட கருவியை இணையத்தில் நேரடியாக இணைத்தல் தகாது. எனினும், உற்பத்தி நின்று பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 2019 இல், என்எஸ்எல்யு2 இன் வன்பொருள் விவரக் கோப்பு புதிய முறையில் எழுதப்பட்டு லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்டது.