மதுரையின் அல்லங்காடி

மதுரைக்கு வரும் வழிப்போக்கர் பெரும்பாலோர் காலையிற் கோயிலையும் நண்பகலில் நாயக்கர் மகாலையும் கண்டு, மாலைப் புகைவண்டியில் ஏறிவிடுகின்றனர். அன்னார் மதுரையிற் பாதியையே கண்டவராவர் என்பது நம் கொள்கை. மற்றைப் பாதி விளக்கேற்றிய பின்னரே தோன்றுவது. இந்நகர்க்குத் 'தூங்கா நகரம்' என்னும் பெயர் வழங்குவதை யாவரும் அறிவர். அப்பெயர் எவ்வாறு பொருந்துகின்றது, ஓரிரவு தங்கும் புதியவர் அதனை எவ்வாறு துய்க்கலாம் என்பவற்றை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இச்செய்தி புதிதன்று. மாங்குடி மருதனார், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்துவான் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடையது. பத்துப்பாட்டினுள் மிக நீண்டது. 1889 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியபின் இது பலர் கைக்கும் எட்டியது. பகலிற் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவிற் கூடுவதை அல்லங்காடி என்றும் இப்பாட்டுப் பிரித்துக் கூறும். பின்னர் இரவின் யாமங்கள் ஒவ்வொன்றாய் வருகின்றன. கடைகள் அடைபடுகின்றன; அப்பம் விற்போர் தம் பண்டத்தின் அருகிலேயே அமர்ந்தவாறு கண்ணயர்கின்றனர்; விழாவில் ஆடிய கூத்தர் உறங்குகின்றனர்; நூலேணி சுற்றிய கள்வரும் அவரைத் தேடும் ஊர்க்காவலரும் இருளில் உலவுகின்றனர். உலகம் நிலையாதென்று சொல்ல வந்த புலவர், அவ்வுலகின் கடைத்தெருவை விட்டு நீங்க மனமின்றி நெடுநேரம் நின்றுவிட்டாரோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. பண்டத்தருகே உறங்கும் அப்பக்காரரை இன்றும் பேருந்து நிலையத்து வாயிலிற் காணலாம்.

நிற்க. ஒரு நகரம் காரணமின்றி விழித்திருப்பதில்லை. தென்மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் இடையே மதுரை ஒரு கணுப்போல் அமைந்துள்ளது. 1999 ஆம் ஆண்டில் மாட்டுத்தாவணியிற் பெரிய பேருந்து நிலையம் ஏற்பட்டது. ஆங்கு வண்டிகள் இரவு முழுதும் வருவதும் போவதுமாயிருத்தலின், நள்ளிரவில் இறங்குவார்க்கு உணவு வேண்டும். உணவு வேண்டின் அடுப்பு எரிதல் வேண்டும். காய்கறி ஏற்றிய லாரிகள் விடியுமுன் சந்தைக்கு வந்தாகவேண்டும். சுமை இறக்குவாரும் உண்ணுவாரன்றோ? மேலும், 1892 ஆம் ஆண்டில் ஹார்வி சகோதரர் நிறுவிய மதுரை நூற்பாலை பல தலைமுறைக்கு இந்நகரின் பொழுதை வகுத்தது. இரவுமுறை வேலைக்குச் செல்வார்க்கும் அதனை முடித்து வருவார்க்குமாகத் தெருவோரத்தில் இட்டலிச் சட்டி ஏறியது. ஆலைத் தொழில் பின்னர்ச் சுருங்கிற்று. இட்டலிச் சட்டி மட்டும் இறங்கவில்லை. இவ்வாற்றான், மதுரையின் இரவு செல்வர் களியாட்டத்திற்கென்று பிறந்ததன்று, உழைப்பார் பசிக்கென்று பிறந்தது என்பது விளங்கும். பிற பெருநகரங்களில் இரவு வாழ்க்கை என்றால் மதுவும் நடனமும் நினைவுக்கு வரும். ஈண்டோ அரசின் மதுக்கடைகள் இரவு 10 மணிக்கே மூடப்படுகின்றன; சட்டுவத்தின் ஓசை அதன் பின்னரே உச்சமடைகின்றது.

புதியவர் மாலையில் ஒரு குவளைப் பருத்திப்பாலுடன் தொடங்குதல் நன்று. ஊறவைத்த பருத்திவிதையை அரைத்துப் பிழிந்த பாலிற் கருப்பட்டியோ வெல்லமோ சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுவது இது. விதையிற் பால் உண்டென்று முதலிற் கண்டவர் யாரோ, அறிவுடையவர்! அதன்பின் கோயிலுக்குச் செல்லலாம். இரவு 9 மணிக்குமேல் சுந்தரேசுவரரின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி, இசையும் தீவட்டியும் சூழ, மீனாட்சியம்மையின் பள்ளியறைக்குச் செல்லும் வழக்கம் உண்டு. இந்து அல்லாதார்க்குக் கருவறைப் பகுதியுள் இசைவில்லை. நம்போன்றோர் வெளிப் பிராகாரத்தில் ஒதுங்கி நின்று காணலாம். கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்தல் வேண்டும். அதுவும் ஒருவகையில் நன்மையே. பல்லக்கைக் கண்ணாற் காண்போம்.

இனி உணவு. புரோட்டா மதுரைக்கே உரியதன்று. எனினும் அதனைக் கொத்தும் ஓசை இந்நகரின் இரவுக்கு உரியதாயிற்று. மைதா மாவை எண்ணெயில் ஊறவிட்டு, பலகைமேல் அடித்து மெல்லிய துணிபோல் விரித்து, மடித்துச் சுருட்டித் தட்டிக் கல்லில் இடுவர். வெந்தபின் இருகைகளாலும் அடித்து மடிப்புகளைத் தளர்த்துவர். கொத்துப் புரோட்டாவுக்கோ, அதனையே பிய்த்து, வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, முட்டை, சால்னா இவற்றொடு பெரிய கல்லின்மேற் குவித்து, இரண்டு இரும்புத் தகடுகளால் தாளம் பிறழாமல் கொத்துவர். ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு தாளம். விளம்பரப் பலகை வேண்டா; தெருமுனைக்கு வரும்போதே காது வழியாகப் பசி எழும். கறித்தோசை என்பது மற்றொன்று: தடித்த தோசைமேல் முட்டையை ஊற்றி, முன்னரே வேகவைத்த கொத்துக்கறியைப் பரப்பித் திருப்பிப் போட்டு எடுப்பது. புலால் உண்ணாதவர் மனந்தளர வேண்டியதில்லை. ஆவி பறக்கும் இட்டலியும் அதனைச் சூழும் மூன்று நான்கு சட்டினிகளும் அவர்க்கு உள்ளன. இறுதியில் ஜிகர்தண்டா. ஜிகர் என்பது ஈரலையும் நெஞ்சையும், தண்டா என்பது குளிர்ச்சியையும் குறிக்கும் சொற்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய கடற்பாசி, நன்னாரிச் சர்பத்து, பனிப்பாலேடு இவை ஒரே குவளையிற் கூடுகின்றன. பிறமொழிப் பெயர்கொண்ட இப்பானத்தை மதுரையார் தமக்கே உரியதாகக் கொண்டாடுகின்றனர். சொல்லாராய்ச்சி செய்யும் நாமும் அருந்தும்போது அதனை மறந்துவிடுகின்றோம்.

புதியவர்க்கு இரண்டு சொற்கள்: ஓரிடத்தில் வயிறு நிரம்ப உண்ணாமல் இடந்தோறும் சிறிதே உண்க, கண்முன் வேகும் பண்டத்தையே கொள்க. பயன்மிக்க மூன்றாவது ஒன்றும் உண்டு: கூட்டம் நிற்கும் கடையில் நிற்க.

கூத்துப் பார்க்க விரும்புவார்க்கு மதுரையைச் சூழ்ந்த ஊர்களே அரங்கு. தமிழ் நாடகத்திற்கு ஆசிரியராய் விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் 1918 ஆம் ஆண்டில் சிறுவர் நாடகக் குழுவொன்றை இந்நகரில் நிறுவினார், டி. கே. எஸ். சகோதரர் அதிற் பயின்றோரே. சுவாமிகள் 1922 இல் மறைந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்றும் கோயில் விழாக்களில் இரவு 10 மணிக்குமேல் தொடங்கி விடியுமளவும் நடிக்கப்படுகின்றது. இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். இதில் வியப்பென்னவெனில், நடிகர் ஒரு குழுவினரல்லர். வள்ளியாக வருபவரும் நாரதராக வருபவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திக்கின்றனர். பாட்டும் கதையும் இருவர்க்கும் மனப்பாடம். இடையில் எழும் தருக்கமோ அன்றிரவே பிறப்பது. நுழைவுக் கட்டணமில்லை. பாய் ஒன்று கொண்டுசென்றாற் போதும்.

திரைப்படக் கொட்டகையில் இரண்டாம் ஆட்டம் பார்ப்பதும் இந்நகரின் பழைய பழக்கம். 2,500 பேர்க்குமேல் அமரத்தக்க தங்கம் கொட்டகை 1952 ஆம் ஆண்டில் பராசக்தியுடன் தொடங்கியது. இன்று அக்கட்டடம் இல்லை.

சித்திரையில் வருவார்க்கு நாம் கூறிய எதுவும் வேண்டுவதில்லை; நகரமே அரங்காகிவிடும். அழகர் மலையினின்றும் புறப்பட்டு வரும் கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை தொடங்கி, தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை சூடி, தங்கக் குதிரையில் அவர் வைகையில் இறங்கும் விடியல்வரை எவரும் உறங்குவதில்லை. தோல் துருத்தியால் நீர் பீய்ச்சுவோர், மொட்டையடித்த சிறுவர், வழிநெடுகப் பானகமும் நீர்மோரும் விலையின்றி வழங்கும் பந்தல்கள்! அன்றிரவு பணமில்லாத வழிப்போக்கனும் விருந்தினனே.

இத்துணையும் கூறியபின், இவ்விரவு எத்துணைக் காலம் நிற்கும் என்னும் வினாவை மறைத்தல் முறையன்று. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்காலத்தில் மதுரை மெய்யாகவே உறங்கியது; நாட்கூலிபோல் இரவுக்கூலி பெற்றோர் அடுப்பும் உடன் அணைந்தது. அதற்கு முந்திய 2019 ஆம் ஆண்டில், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் கடைகள் நாள் முழுதும் திறந்திருக்கலாம் எனத் தமிழ்நாட்டு அரசு ஆணை பிறப்பித்தது. நல்ல ஆணைதான். ஆயினும் அல்லங்காடியைத் தாங்குபவர் பத்துப் பேரை வைத்து வேலைவாங்கும் வணிகரல்லர்; கணவன் கொத்த மனைவி இலைபோடும் தள்ளுவண்டிக்காரரே. நேரமாயிற்று, மூடுக என்னும் சொல் முதலில் அவர் செவியிலேயே விழுகின்றது. குளிரூட்டிய பெருங்கடைகள் மட்டுமே விழித்திருப்பின், அதனை மருதனார் கண்ட அல்லங்காடி என்று நாம் அழைக்கமாட்டோம். பெண்டிர் தனித்து வந்து அச்சமின்றி உண்டு செல்லும் கடைகள் மிகுதல் வேண்டும் என்பதும் நம் விருப்பம். பேருந்து நிலையத்தருகே இஃது ஓரளவு கைகூடியுள்ளது, உள்தெருக்களில் இன்னும் இல்லை.

விடியலுக்குச் சிறிது முன்னர், உறக்கத்தை வென்றவர் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் செல்க. 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை, சுற்றூர்த் தோட்டங்களினின்றும் மூட்டைகளில் வந்து இறங்கும். முகூர்த்த நாளாயின் விலை நாழிகைக்கு நாழிகை ஏறும். ஏலங்கூறுவோர் குரலும் உடன் ஏறும். மொட்டு விரியுமுன் விற்றாதல் வேண்டுமாகலின் ஆங்கு எவர்க்கும் பேச நேரமில்லை. ஒரு முழம் வாங்கிக்கொண்டு அடுத்துள்ள பேருந்து நிலையத்திற்கு நடந்தால், முதல் வண்டி புறப்படுமுன் தேநீர் அருந்தப் பொழுதிருக்கும்.