இருட்டிய பிறகு திறக்கும் பாதை

நெதர்லாந்தின் தெற்கே, ஐன்ட்ஹோவன் நகரத்தை ஒட்டி நூனென் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் ஓரமாகப் போகும் சைக்கிள் பாதையில் சுமார் 600 மீட்டர் தூரத்துக்கு, தெருவிளக்கின் வேலையைத் தரையே செய்கிறது. பகலில் அந்த வழியே போகிறவர் பிரேக் பிடிக்கக் காரணம் எதுவும் இராது. தரையில் சிறு கற்கள் பதித்திருப்பது மட்டும் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு வந்தால் கதை வேறு. ஆயிரக்கணக்கான கற்கள் பச்சையும் நீலமுமாக ஒளிர்ந்து, சுழிகளாகவும் வளைவுகளாகவும் முன்னே ஓடும். வின்சென்ட் வான்கோ 1889இல் வரைந்த ‘விண்மீன் இரவு’ ஓவியத்தின் வானம் சக்கரத்துக்குக் கீழே இறங்கி வந்திருக்கிறது.

2014 நவம்பரில் திறந்த இந்தப் பாதையை வடிவமைத்தவர் டான் ரோசகார்ட என்ற டச்சுக் கலைஞர். அமைத்தது ஹைமன்ஸ் என்ற சாலை கட்டுமான நிறுவனம். வான்கோ இறந்து 125 ஆண்டுகள் நிறைவதை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கு இது முன்னுரை. அவர் பிறந்தது நூனென் இருக்கும் இதே வடக்கு பிராபன்ட் மாகாணத்தில்தான். 1883 முதல் 1885 வரை நூனெனில், பாதிரியாராக இருந்த தந்தையின் வீட்டில் வாழ்ந்தார். அவர் வாழ்ந்த, வரைந்த இடங்களையெல்லாம் கோத்துக்கொண்டு 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சைக்கிள் வழித்தடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒளிரும் பாதை அதில் ஒரு துண்டு.

அந்தக் கற்கள் எப்படி ஒளிர்கின்றன? நம் ஊரில் கேட்டால் உடனே “ரேடியம்” என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லில் நாம் மூன்று வேறு பொருட்களை அடைத்து வைத்திருக்கிறோம். லாரியின் பின்புறம் ஒட்டும் ‘ரேடியம் ஸ்டிக்கர்’ தானாக ஒளிர்வதே இல்லை. நம் வண்டியின் விளக்கொளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். பழைய கைக்கடிகாரங்களின் முள்ளில் பூசியது நிஜமான ரேடியம். கதிர்வீச்சினால் ஓயாமல் ஒளிர்ந்தது. ஆபத்தானது என்று தெரிந்த பிறகு கைவிடப்பட்டது. மூன்றாவது, குழந்தைகள் அறையின் கூரையில் ஒட்டும் பிளாஸ்டிக் நட்சத்திரம். விளக்கு எரியும்போது ஒளியைக் குடித்துவிட்டு, அணைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். இதற்கு அறிவியல் தமிழில் ‘நின்றொளிர்வு’ என்று அழகான பெயர் இருக்கிறது. நூனென் கற்கள் இந்த மூன்றாவது குடும்பத்தைச் சேர்ந்தவை.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, நின்றொளிர்வு நடப்பது அப்படித்தான். சாதாரண ஒளிரும் பொருளில், ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவி, கண் இமைப்பதற்குள் கீழே இறங்கி, இறங்கும்போது வெளிச்சத்தை விட்டுவிடும். மழை நின்றால் அங்கே எல்லாம் நின்றுவிடும். நின்றொளிரும் படிகத்திலோ இடையிடையே சிறு பள்ளங்கள் உண்டு. மேலே தாவிய எலக்ட்ரான்களில் சில, இறங்கும் வழியில் இந்தப் பள்ளங்களில் விழுந்து மாட்டிக்கொள்ளும். அவற்றை வெளியே தள்ளுவதற்கு ஒளி தேவையில்லை. அறைச்சூட்டில் அணுக்கள் இயல்பாகவே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வு போதும். ஒன்று இப்போது, இன்னொன்று பத்து நிமிடம் கழித்து, வேறொன்று நள்ளிரவில் என்று அவை ஒவ்வொன்றாகத் தப்பி வரும். தப்பிய ஒவ்வொன்றும் இறங்கும்போது ஓர் ஒளித்துளியைச் சிந்தும். சூரியன் மறைந்த பிறகும் மணிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும் தூவானம் இது.

பள்ளம் ஆழமாக இருந்தால் எலக்ட்ரான் வெளியே வரவே வராது. ஆழம் குறைந்தால் சில நொடிகளில் காலியாகிவிடும். இரவு முழுக்கத் தாங்க வேண்டுமானால் ஆழம் மிகச் சரியாக அமைய வேண்டும். நெடுங்காலம் பயன்பட்டுவந்த துத்தநாக சல்பைடு சீக்கிரமே களைத்துப்போகும் பொருள். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தார் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற படிகத்தில் யூரோப்பியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் துளித்துளியாகக் கலந்து பார்த்தார்கள். யூரோப்பியம் ஒளியைத் தருகிறது. டிஸ்ப்ரோசியம் சரியான ஆழத்தில் பள்ளங்கள் அமையத் துணை செய்கிறது. வெளிச்சம் பல மடங்கு கூடியது, நேரமும் நீண்டது. இன்றைய ஒளிரும் பாதைகளுக்கும் அவசர வழிப் பலகைகளுக்கும் இந்தப் படிகம்தான் ஆதாரம். ஆனால் ஈரம் ஆகாது. தண்ணீர் பட்டால் சிதையும் என்பதால், பிசினுக்குள்ளோ கண்ணாடிப் பூச்சுக்குள்ளோ பத்திரப்படுத்தித்தான் மழை பெய்யும் ஊரில் தரையில் பதிக்க முடியும்.

எலக்ட்ரான்களை விடுவிப்பது வெப்பம் என்பதால், குளிர்கால இரவில் கற்கள் மங்கலாகவும் நெடுநேரமும் ஒளிரும். வெக்கையான இரவில் பளிச்சென்று தொடங்கிச் சீக்கிரம் தீர்ந்துபோகும். மேகம் மூடிய நாட்களில் சூரியனிடமிருந்து போதிய ஒளி கிடைக்காதே என்ற கவலையும் உண்டு. அதற்காகச் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் பெறும் சிறு எல்இடி விளக்குகளையும் கற்களோடு சேர்த்துப் பதித்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்களில் ஒரு வகைக்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள் வயது என்று 2018இல் அறிவித்தார்களே, அந்தக் கணக்கின் பின்னால் இருப்பதும் இதே பள்ளங்கள்தான். மண்ணுக்குள் புதைந்த தாதுத் துகள்களின் பள்ளங்களில், நிலத்தின் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு ஆண்டு எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் அவற்றை வெளியேற்றி, சிந்தும் ஒளியை அளந்தால் புதைந்த காலம் தெரியும். நூனெனில் ஒரு பகலில் நிரம்பி ஓர் இரவில் காலியாகும் கடிகாரம், அத்திரம்பாக்கத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் பொறுத்திருந்தது.

கல்லின் கதை பாதிதான். மறுபாதி சைக்கிளில் வருகிறவரின் கண்ணுக்குள் நடக்கிறது.

நம் விழித்திரையில் இரு வகைச் செல்கள். நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். மங்கிய ஒளியில் வேலை செய்யும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி. குச்சி செல்லில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி, வெளிச்சம் பட்டால் சிதைந்து, இருட்டில் மறுபடி கூடும். அது கூடுவதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது கிடைக்காமல் போவதால் வருவதுதான் நாம் அறிந்த மாலைக்கண். நல்ல கண்ணுக்கும் முழு இருட்டுக்குப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். பழகிய பிறகு அதன் கூர்மை பல ஆயிரம் மடங்கு கூடியிருக்கும்.

இந்தக் கணக்கைக் கல்லின் கணக்கோடு வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பொழுது சாய்ந்த முதல் அரை மணி நேரத்தில்தான் கற்களின் ஒளி வேகமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு மெதுவாகத் தேய்கிறது. அதே அரை மணி நேரத்தில்தான் கண் விழித்துக்கொள்கிறது. ஒன்று இறங்க, மற்றது ஏறுகிறது. கருவியில் அளந்தால் ஒளி எப்போதோ பெருமளவு குறைந்துபோயிருக்கும். பார்க்கிறவருக்கோ கற்கள் இன்னும் தெளிவாகவே இருக்கும். போதாததற்கு, குச்சி செல்கள் மிக நன்றாக உணர்வது 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் சிந்தும் பச்சை 520 நானோமீட்டர் அளவில் இருக்கிறது. கண்ணைக் கேட்டுச் செய்தது போன்ற பொருத்தம்.

ஆகவே அங்கே பாதி ஓவியம் தரையில் இருக்கிறது, மீதி வருகிறவரின் பொறுமையில் இருக்கிறது. கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தால் சேர்த்த ரொடாப்சின் கொஞ்சம் வீணாகும். சைக்கிளின் முன்விளக்கு விழும் இடத்தில் சுழிகள் வெளிறும். அந்த வெளிச்சம் எட்டாத தூரத்தில்தான் அவை தொடரும். மிகவும் மங்கிய கல்லை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துபோகும், சற்றே ஓரக்கண்ணால் பார்த்தால் திரும்ப வரும். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்கள் கிடையாது என்பதே காரணம்.

ஐன்ட்ஹோவனுக்குப் பக்கத்தில் இது அமைந்தது வரலாற்றின் ஒரு வினோதம். வான்கோ 1890இல் இறந்தார். அடுத்த ஆண்டே அந்த நகரத்தில் பிலிப்ஸ் நிறுவனம் தொடங்கி, மின்விளக்குகள் செய்து உலகம் முழுவதும் அனுப்பியது. நெதர்லாந்துக்காரர்கள் ஐன்ட்ஹோவனை இன்றும் ஒளி நகரம் என்பார்கள். நூனெனில் வான்கோ வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்திலோ, ஓர் உழவர் குடும்பத்தின் இரவுச் சாப்பாட்டுக்குத் தொங்கும் எண்ணெய் விளக்கு ஒன்றுதான். இருட்டில் எவ்வளவு குறைந்த வெளிச்சத்தைக் கொண்டு எவ்வளவு முகங்களைக் காட்ட முடியும் என்று அவர் பழகிய ஊர் அது. விளக்குக் கம்பங்களின் தலைநகரத்துக்கு அருகில், அதே ஊரில், மறுபடி குறைந்த வெளிச்சத்தை நம்பி ஒரு வேலை நடந்திருக்கிறது.

சுற்றுலாவின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதில் ஒரு நுட்பம் உண்டு. சைக்கிள் பயணி காலையில் வருவார், ஒரு காபி குடிப்பார், மாலைக்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவரால் சிற்றூருக்குக் கிடைப்பது அந்தக் காபிக் காசுதான். இருட்டினால்தான் பார்க்க முடியும் என்ற ஒன்று ஊரில் இருந்தால் அவர் இரவுச் சாப்பாட்டுக்கு இருப்பார், பெரும்பாலும் தங்கவும் செய்வார். ஒரு சிலையை நிறுத்தி வைப்பதைவிட இது எவ்வளவோ மேலான யோசனை என்று நினைக்கிறேன். 2016இல் போலந்தின் லிட்ஸ்பார்க் வார்மின்ஸ்கி ஊருக்கு அருகே நீலமாக ஒளிரும் 100 மீட்டர் சைக்கிள் பாதை ஒன்றைப் போட்டார்கள், முன்மாதிரி நூனென்தான்.

வேகமும் முக்கியம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 600 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். காரில் போனால் கண்ணில் பட்டதும் முடிந்துவிடும். நடந்தால் ஏழு நிமிடம். சுழிகள் உடைந்து தனித்தனிக் கற்களாகிவிடும் என்று தோன்றுகிறது. சைக்கிளின் வேகத்தில்தான் புள்ளிகள் கோடுகளாக ஓடத் தொடங்கும்.

இந்த வேகத்தை இன்னும் அழகாகப் பயன்படுத்திய வேலை ஒன்று, எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களால் பிழைத்த மாகாணம் அது. 1992இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. 1995இல் அங்கே ஒரு புதுமை வந்தது. ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனைப்படி, சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்தார்கள். ஊர்ப் பெயர், வழிப்பெயர் எதுவும் நினைவில் இருக்க வேண்டாம். ஐந்தாறு எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினால், பலகைகள் ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்புக்குக் கொண்டுசேர்க்கும். இந்த ஏற்பாடு பிறகு நெதர்லாந்துக்கும் பரவியது.

அந்த மாகாணத்தின் பழத்தோட்டப் பகுதியில், போர்க்லோன் ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவில் 2011இல் ஒரு தேவாலயம் எழுந்தது. கட்டியவர்கள் ஹைஸ், வான் வாரென்பெர்க் என்ற இரு கட்டடக் கலைஞர்கள். வழிபாட்டுக்காகக் கட்டியதல்ல. 10 மீட்டர் உயரம், 30 டன் எஃகு. சுவருக்குப் பதிலாக, கிடைமட்டமான எஃகுத் தகடுகள் 100 அடுக்குகளாக ஒன்றன் மேல் ஒன்று, இடையில் சிறு முட்டுத் தூண்கள் 2,000. அடுக்குக்கு அடுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் என்று கணக்கு வரும். எஃகு துருப்பிடித்திருக்கிறது, அப்படித்தான் வேண்டுமென்று தேர்ந்த வகை அது. அதன் மேல்துரு இறுகிப் படிந்து, உள்ளே துரு இறங்காமல் காக்கும்.

தூரத்தில் வருகிறவருக்கு எல்லா அடுக்கும் ஏறக்குறைய கண்மட்டத்தில் இருக்கும். தகடுகளின் விளிம்பு மட்டும் தெரியும், இடைவெளிகள் வழியே பின்னாலுள்ள வானமும் மரங்களும் தெரியும். பென்சிலால் மெலிதாகக் கோடிழுத்த தேவாலயம் அது. நெருங்க நெருங்க, உயரத்திலுள்ள தகடுகளைக் கண் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அவற்றின் அடிப்பக்கம் இடைவெளியை மறைக்கத் தொடங்கும். கோபுரம் முதலில் அடைபடும், அடுத்துக் கூரை, பிறகு சுவரின் மேற்பகுதி. பக்கத்தில் போய்ச் சேரும்போது, கண்மட்டத்தில் ஒரு பட்டை வெளி மட்டும் திறந்திருக்க, தலைக்கு மேலே கனத்த இரும்புக் கட்டடம் நிற்கும். பார்க்கிறவரின் கண்ணிலிருந்து போகும் நேர்கோடு தவிர இதில் இயந்திரமோ மின்சாரமோ எதுவும் கிடையாது.

உள்ளே நின்று பார்த்துவிட்டு, அடுத்த எண்ணைத் தேடிச் சைக்கிளை மிதிக்கிறவர் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கோபுரத்தின் நடுவே மறுபடி வானம் தெரியத் தொடங்கியிருக்கும்.