வீட்டில் ஓர் ஓர்க்கிட்



கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், பேராதனையைக் கடந்து சில மைல் தூரம் சென்றால் கெலிஓயா வரும். கடல் மட்டத்திலிருந்து 1,500 அடிக்கு மேற்பட்ட உயரம்; அருகே மகாவலி கங்கை; அதிகாலையிற் பனிமூட்டம்; ஆண்டின் பெரும்பகுதியில் மழை. இத்தகைய ஊரில் ஓர்க்கிட் வளர்ப்பதற்குக் கண்ணாடி வீடு வேண்டியதில்லை. குளிர்நாட்டார் பெரும் பொருட்செலவிற் செயற்கையாக உண்டாக்கும் சுவாத்தியத்தை இயற்கை நமக்குச் செலவின்றியே தந்திருக்கிறது. அவ்வாறாயின், ஆசையோடு வாங்கிவரும் முதல் ஓர்க்கிட் பல வீடுகளில் ஓராண்டு நிறைவதற்குள் மடிந்துபோவது ஏன்? அதனைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீரே. ரோசாவுக்கும் குரோட்டனுக்கும் ஊற்றுவதுபோல நாள்தோறும் ஊற்றுகிறோம். செடி வாடுகிறது. வாடுகிறதே என்று இரங்கி மேலும் ஊற்றுகிறோம்.

இத்தவறு எங்கே பிறக்கிறது என்பதை அறிய, அச்செடியின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். நம் வீடுகளில் வளர்க்கப்படும் ஓர்க்கிட்டுகளிற் பெரும்பாலானவை மண்ணில் வளர்வன அல்ல. அவை காட்டில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் மேலொட்டித் தாவரங்கள். மாமரத்திலும் பலாமரத்திலும் படரும் குருவிச்சையைக் கண்டு பழகிய நாம், இவையும் மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வன என எண்ணுவதுண்டு. அது சரியன்று. ஓர்க்கிட் மரத்தினிடம் கேட்பது இருக்க ஓர் இடம் மட்டுமே. உணவை அது தானே ஆக்கிக்கொள்கிறது; நீரை மழையிலும் பனியிலுமிருந்து பெறுகிறது.

அந்த வேரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதனைச் சுற்றி வெண்ணிறமான, பஞ்சு போன்ற உறை ஒன்று இருக்கும். இவ்வுறை உயிரற்ற கலங்களால் ஆனது. மழை பெய்தவுடன் நீரை விரைவாக உறிஞ்சி வேரினுள்ளே செலுத்தும். பின்னர் காற்றில் உலர்ந்துவிடும். உலர்ந்த வேர் வெள்ளியைப் போல வெளிறித் தோன்றும். நனைந்த வேரிலோ உள்ளேயிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். நனைவதும் உலர்வதுமாகிய இம்மாற்றமே அதன் வாழ்க்கை முறை. உலர வழியின்றி எந்நேரமும் ஈரத்தில் அமிழ்ந்திருக்கும் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. சில வாரங்களில் அது அழுகிவிடும். வேர் அழுகிய செடி நீரை உறிஞ்ச இயலாமற் சுருங்குகிறது. பார்ப்பவருக்கு அது தாகத்தால் வாடுவதுபோலத் தோன்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் இவ்வாறே ஏமாந்தனர். வெப்பமண்டலச் செடியென்றால் வெப்பமும் நீராவியும் நிறைந்த, காற்றுப் புகாத அறை வேண்டும் என நம்பி, கப்பல் கப்பலாக வந்த ஓர்க்கிட்டுகளை அடைத்து வைத்துச் சாகடித்தனர். சற்ஸ்வேர்த் மாளிகையின் தோட்டத் தலைவரான யோசப் பக்ஸ்ரன் 1830களில் தம் கண்ணாடி வீடுகளில் நல்ல காற்றோட்டத்திற்கு வழி செய்தார்; செடிகள் பிழைத்தன.

இனி, எந்தச் செடியை முதலில் வாங்குவது? டென்ட்ரோபியம் இனத்துக் கலப்புச் செடியே பழகுவதற்கு ஏற்றது என்பது என் கருத்து. டென்ட்ரோபியம் என்னும் கிரேக்கவழிப் பெயருக்கு மரத்தில் வாழ்வது என்றே பொருள். கரும்பைப் போன்ற அதன் தடித்த தண்டுகளில் நீரும் உணவும் சேமிக்கப்பட்டிருப்பதால், ஓரிரு நாள் மறந்தாலும் செடி பொறுத்துக்கொள்ளும். அந்துப்பூச்சி சிறகு விரித்தது போன்ற பூக்களையுடைய பெலனொப்சிஸ் பேரழகுடையது. ஆயினும் அதற்குச் சேமிப்புத் தண்டு இல்லை. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அது விரைவில் அழுகும். வண்டா என்னும் இனமோ மிகுந்த ஒளியையும் நாளாந்த நனைத்தலையும் வேண்டுவது. அதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வாங்கவே கூடாது. அது காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடி. இலங்கைக்கே உரிய வெசாக் ஓர்க்கிட்டைப் பலர் அறிவர். வெசாக் பண்டிகையை ஒட்டி மே மாதத்தில் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூக்களைத் தொங்கவிடும் அச்செடிக்கு, பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராக விளங்கிய துவெயிற்ஸ் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியற் பெயரிட்டார். ஈரவலயத்துத் தாழ்நிலக் காடுகளே அதன் இருப்பிடம். காடு அழிக்கப்பட்டமையாலும் அழகுக்காகப் பிடுங்கப்பட்டமையாலும் அது இன்று அருகிவிட்டது. சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டும் இருக்கிறது. மரத்திலிருந்து பெயர்க்கும்போதே அதன் வேர்கள் அறுந்துவிடுகின்றன. அத்தகைய செடி நம் வீட்டில் ஒரு பருவம் பூத்துப் பின் மடிவதே பெரும்பான்மை. காட்டிலோ அதன் இடம் வெறுமையாகிவிடுகிறது.

காட்டை நாடவேண்டிய தேவையும் இன்றில்லை. ஓர்க்கிட் விதை தூசி போன்றது. ஒரு காயினுள்ளே இலட்சக்கணக்கில் இருக்கும். அதனுள் உணவுச் சேமிப்பு இல்லாமையால், ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையின்றி இயற்கையில் அது முளைப்பதில்லை. பூஞ்சணமின்றியே வெல்லம் கலந்த ஊடகத்தில் அதனை முளைக்கச் செய்யலாம் என்று அமெரிக்கரான நட்சன் 1922 இல் எடுத்துக்காட்டினார். தண்டின் நுனியிலுள்ள வளரிழையைக் கொண்டு செடிகளைப் பெருக்கும் முறையைப் பிரான்சியரான மோறல் 1960 இல் வெளியிட்டார். ஒரு காலத்தில் செல்வர் மட்டுமே வாங்கிய செடி இன்று நாற்றுமேடைகளிற் சாதாரண விலைக்குக் கிடைப்பது இவ்விருவர் முயற்சியின் பயனாகும்.

செடி வந்துவிட்டது, நடும் முறையைப் பார்ப்போம். மண் அறவே கூடாது. பக்கங்களிலும் துளையுள்ள மண்சட்டி ஒன்றை எடுத்து, அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும், மேலே மரக்கரியையும் சிறிதளவு பொச்சுமட்டைத் துண்டுகளையும் இடுக. பொச்சுமட்டையைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்து, அந்நீரைப் பலமுறை மாற்றிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். கெலிஓயா போன்ற ஈரமான இடத்தில் கரி மிகுந்தும் பொச்சு குறைந்தும் இருப்பது நன்று. சட்டியின் கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீர் வேருக்கு ஆகாது. டெங்கு நுளம்புக்கோ அது மிகவும் உகந்தது.

தண்ணீர் ஊற்றுவதற்கு நாட்கணக்குச் சொல்வது கடினம். சனவரி முதல் மார்ச் வரையுள்ள வரண்ட வாரங்களில் இரண்டு நாளுக்கொருமுறை வேண்டியிருக்கலாம். தென்மேல் பருவமழை தொடர்ந்து பெய்யும்போது ஒரு வாரம் முழுவதும் தொடாமல் இருக்கலாம். வேர் வெளுத்ததா என்று பார்த்து, சட்டியைத் தூக்கி அதன் பாரத்தை உணர்ந்து முடிவு செய்க. ஊற்றும்போது அடியால் வழிந்தோடும் அளவிற்குக் காலையில் ஊற்றுக. மாலையில் நனைந்த இலை இரவு முழுவதும் ஈரமாகவே கிடக்கும். அடைமழைக் காலத்தில் சட்டியைக் கூரையின் கீழ் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

காலை வெயில் படும் கிழக்கு விறாந்தை சிறந்த இடம். போதிய ஒளி கிடைக்கிறதா என்பதை இலையே சொல்லும்: கரும்பச்சையாய்த் தளர்ந்திருந்தால் ஒளி குறைவு, மஞ்சளித்திருந்தால் வெயில் மிகுதி, இளம்பச்சையாய் விறைப்பாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். உரத்தைப் பொதியில் குறித்த அளவிற் காற்பங்காகக் கரைத்து, செடி வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை கொடுத்தாற் போதும். அரிசி கழுவிய நீரை ஊற்றுவோர் உளர். அதனாற் பொச்சு புளிப்பதே மிகுதி.

பெலனொப்சிஸ் பற்றி இன்னும் ஒன்று. அது பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகள் வேண்டும். கொழும்பின் வெப்பத்தில் இலை மட்டும் செழித்துப் பூக்காமல் நிற்கும் செடி, மார்கழி, தை மாதங்களின் குளிரில் நம் பகுதியில் எளிதாகப் பூந்தண்டு விடும்.

டென்ட்ரோபியம் பூத்து முடிந்ததும், இலையுதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டியெறியும் வழக்கம் பலரிடம் உண்டு. அவை செத்தவையல்ல. புதிய தளிருக்கு வேண்டிய உணவு அவற்றிலேயே இருக்கிறது. சில வேளைகளில் அவையே மறுபடியும் பூக்கும். முற்றாகக் காய்ந்து பழுப்பு நிறமான தண்டை மட்டும் நெருப்பிற் காட்டிய கத்தியால் அகற்றுக. பழைய தண்டின் கணுவில் வேருடன் சிறு கன்று தோன்றினால், அவ்வேர் இரண்டு அங்குலமாகும்வரை காத்திருந்து, பின்பு பிரித்து வேறொரு சட்டியிலே கரித்துண்டுகளின் நடுவே நடலாம்.