நெடுவழியில் பேசும் வானொலி

கைப்பேசி கையில் இருக்க, வண்டியில் போகிறவனுக்குப் பேசும் வானொலி எதற்கு என்று நம் மன்றத்து நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். விடுமுறைதோறும் இரண்டு மூன்று வண்டிகளாக ஊருக்குப் புறப்படும் நாம் அதன் விடையையும் அறிந்திருத்தல் நலம்.

கைப்பேசியில் நான் பேசும் குரல் நேரே பின்வண்டிக்குச் செல்வதில்லை. அருகிலுள்ள கோபுரத்தை அடைந்து, நிலையங்கள் சிலவற்றைச் சுற்றி, மற்றொரு கோபுரத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. கோபுரம் எட்டாத மலைப்பாதையில் பத்துக் கெஜத் தொலைவில் நிற்பவரோடும் பேச இயலாது. அன்றியும், எண் தெரிந்தவரோடுதான் பேசலாம். எதிரே வரும் லாரிக்காரரின் எண்ணை யார் அறிவார்? வானொலியோ கோபுரத்தையும் கேட்பதில்லை, எண்ணையும் கேட்பதில்லை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால், அதே அலைவரிசையில் செவி வைத்திருக்கும் அனைவரும் கேட்பர். ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேசலாம் என்பது ஒன்றே அதன் நிபந்தனை. (நம் மன்றக் கூட்டங்களுக்கும் இத்தகைய பொத்தான் ஒன்று இருந்தால் நன்று!)

இக்கருவி சாலையில் புகழ் பெற்றது அமெரிக்க நாட்டில். பொதுமக்கள் உரிமத்தோடு பேசுவதற்கென 1945இல் அங்கே தொடங்கிய ஏற்பாடு, 1958இல் 27 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் 23 தடங்களைப் பெற்றது. சி.பி. வானொலி என்று வழங்குவது இதுவே. பல்லாண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. 1974இல் வேகம் மணிக்கு 55 மைலுக்கு மேற்படலாகாது என்று சட்டம் வந்தது. எந்த ஊரில் டீசல் கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் போலீசார் மறைந்திருக்கிறார்கள் என்பதை லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினர். உயர்ந்த நோக்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கருவி பரவியது அதனால்தான். 1977 சனவரி முதல் தடங்கள் 40 ஆயின. 9ஆம் தடம் ஆபத்துக் காலத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. 19ஆம் தடம் லாரிக்காரர்களின் திண்ணையாயிற்று.

நம் நாட்டில் இது ஏன் வேரூன்றவில்லை? காலந்தாழ்ந்து வந்தது என்பதே என் கருத்து. கைப்பேசி இந்தியாவுக்கு வந்தது 1995இல். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வரிசையில் 5 வாட்டுக்கு மிகாத கருவிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று நடுவண் அரசு விதி செய்ததோ 2005இல். பந்தி முடிந்தபின் இலை போட்ட கதை! அதற்கு முன்னரே நம் லாரிக்காரர்கள் தமக்கென ஒரு மொழியை அமைத்துக்கொண்டிருந்தனர். எதிர்வண்டி முகப்பு விளக்கை இருமுறை சிமிட்டினால் முன்னே ஏதோ இருக்கிறது என்று பொருள். வண்டி பழுதாகி நின்றால் பின்னால் சாலையில் இலைக்கொத்து ஒன்றை ஒடித்துப் போடுவர்; வளைவில் பச்சைக் கிளை கிடக்கக் கண்டால் நம் ஓட்டுநர் தானே வேகத்தைக் குறைப்பார். மின்கலம் வேண்டாத செய்தி அது.

என் ஊர் குன்னத்துகால். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அப்பால், இரு மாநில எல்லையை ஒட்டியது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம் முதலிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரு சந்து திரும்பினால் மாநிலம் மாறும். கடைப்பலகையின் எழுத்தும் மாறும். வானொலிச் சட்டமும் அவ்வாறு மாறுமோ என ஐயுறுவோர் உளர். மாறாது. கம்பியில்லாத் தொடர்பு நம் அரசியல் சட்டத்தில் நடுவண் அரசின் பட்டியலில் 31ஆம் இனத்தில் அடங்கியது. பாறசாலையில் குற்றமாவது களியக்காவிளையிலும் குற்றமே.

இங்கே நம்மவர் ஏமாறக்கூடிய இடங்கள் உள்ளன. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 40 தடக் கருவியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதன் 27ஆம் தடம் 27.275; 28ஆம் தடம் 27.285. நம் எல்லை 27.283இல் முடிவதால், 27 தடங்களே நம் வரிசைக்குள் அடங்கும். எஞ்சிய 13உம் வெளியே நிற்கின்றன. அந்நாட்டுச் சிறு வாக்கிடாக்கிகள் 462, 467 மெகாஹெர்ட்ஸ்களில் பேசுவன. அவற்றுக்கு இங்கே விலக்கு இல்லை. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்த ஆற்றல் உள்ள வாக்கிடாக்கிகளுக்கு விலக்களிக்கப்பட்டது 446.0 முதல் 446.2 வரை மட்டுமே. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது போதாது. உரிமமும் ஒப்புதலும் பற்றிய விவரமின்றி வாக்கிடாக்கி விற்ற தளங்களுக்கு 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீசு அனுப்பி, வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. பெட்டியின்மேல் எழுதிய அலைவரிசையைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அடுத்தது தொலைவு. விளம்பரத்தில் 30 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், நம்பவேண்டாம். இரண்டு வண்டிகளின் ஏரியல்களும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பின், சமவெளியிலேகூட அடிவானம் குறுக்கிடுவதற்குள் கிடைக்கும் தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். குன்னத்துகாலிலிருந்து வெள்ளறடைப் பக்கம் போகும் பாதையோ மேடும் பள்ளமும் ரப்பர்த் தோட்டமுமாக வளைந்து செல்வது. அங்கே அதில் சிறு பங்குகூடக் கிட்டாது. நாகர்கோவில் வானொலி இதற்குச் சான்று. நாட்டின் முதல் வட்டார வானொலி நிலையமாக 1984 அக்டோபர் 30இல் தொடங்கிய அந்நிலையத்தின் பண்பலை, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மலையின் மறுபுறம் போனதும் மங்கத் தொடங்குகிறது. பேராற்றல் படைத்த நிலையத்தையே மலை மறைக்கும் எனின், 5 வாட்டுக் கருவி எம்மாத்திரம்? ஏரியலும் ஒரு காரணம். 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டர்; அதற்கு இயல்பான கால் அலை ஏரியல் 2.75 மீட்டர் வேண்டும். அதைச் சுருள் சுற்றிக் குட்டையாக்கினால் ஆற்றலில் ஒரு பகுதி வீணாகும். 446க்கோ 17 சென்டிமீட்டர் போதும். கையடக்கமாக அமைவது அதனால்தான். ஆகவே இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று தவறவிடாமல் செல்லவும், முன்வண்டி பின்வண்டியை எச்சரிக்கவும் இது உதவும். அதற்கு மேல் எதிர்பார்த்தல் ஆபத்து. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வந்தபோது, எங்கள் ஊருக்குத் தெற்கே தூத்தூர் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்க்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து எட்டும் தொலைவுக்கு அப்பால் இருந்தன அவர்தம் படகுகள்.

ஸ்கேனர் என்பது வேறு வகை. அது பேசாது, கேட்கும். பல தடங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து துழாவி, எங்கே குரல் எழுகிறதோ அங்கே நிற்கும். அமெரிக்காவில் வழிப்பயணிகள் போலீசு, தீயணைப்பு அலைகளைக் கேட்டு முன்னே விபத்து உண்டா என அறிவர். அங்கும் சில மாநிலங்களில் வண்டிக்குள் அதை வைத்திருக்கத் தடையுண்டு. நம் நாட்டில் பிறருக்குரிய செய்தியை முறையின்றி இடைமறித்துக் கேட்டல், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்றாண்டுச் சிறையோ 2 கோடி ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம். மாணவன் ஒருவன் வேடிக்கைக்காக இதில் இறங்குதல் தகாது. எல்லைச் சோதனையில் நிற்கும் காவலரிடம் வேடிக்கை என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

இத்துறையில் உண்மையான ஆர்வம் உடையோர்க்கு நேர்வழி ஒன்று திறந்தே இருக்கிறது. அது அமெச்சூர் வானொலி. பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் நடுவண் அரசின் தேர்வெழுதி உரிமம் பெறலாம். வினாக்கள் இரு பகுதி: மின்னியலும் வானொலிக் கொள்கையும் ஒன்று, விதிகள் மற்றொன்று. அறிவியல் மாணவர்க்கு முதற்பகுதி பெரிதும் பழகிய பாடமே. விதிகளை மட்டும் உட்கார்ந்து படிக்கவேண்டும். தேறியவர் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையில் தம் அழைப்புக் குறியைச் சொல்லிப் பேசலாம். குன்றின்மேல் அமைத்த மறுஒலிபரப்பி எட்டும் இடமெனின், வண்டியிலிருந்தே பல பத்துக் கிலோமீட்டர் கேட்கும். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் கைப்பேசி அடங்கிய இடங்களிலிருந்து செய்தி கொணர்ந்தவருள் இவ்வுரிமம் பெற்றோரும் இருந்தனர். நம் மன்றத்தில் நால்வர் சேர்ந்தால், மாலை வேளைகளில் கூடி இப்பாடத்தைப் படித்துவிடலாம். விருப்பமுள்ளோர் என்னிடம் பெயர் கொடுங்கள்.