அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பின் திவால் வழக்கு

அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பு (பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா) 2020 பிப்ரவரி 18 அன்று டெலவேர் திவால் நீதிமன்றத்தை நாடியது. சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினர். ஏறத்தாழ 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

திவாலானது தேசிய அமைப்பு மட்டுமே. வட்டார மன்றங்கள் சட்டப்படி தனி நிறுவனங்கள். ஆயினும் வழக்குகளிலிருந்து பாதுகாப்புப் பெற அவையும் பணமும் சொத்தும் அளித்தன. தன்னார்வலர்கள் நடத்திய சாரணர் குழுக்கள் தொடர்ந்து இயங்கின. ஆனால், அவர்கள் உழைப்பில் வளர்ந்த முகாம் நிலங்கள் சில விற்கப்பட்டன. குற்றமிழைத்தவர்களுக்கு இத்திட்டம் பாதுகாப்பு அளிக்கவில்லை.

இந்தியாவின் பாரத சாரண சாரணியர் இயக்கம் வேறு அமைப்பாகும். இங்கு 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும், தன்னார்வலர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.