நாலரை ஏக்கர் திராட்சைத் தோட்டம்

திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியினின்று இயற்கையாய்ப் பெறப்பட்டதாகவும் கெடாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஐரோப்பாவில் மடங்களை அடுத்துத் திராட்சைத் தோட்டங்கள் பல தோன்றியதற்கு இத்தேவையும் ஒரு காரணம். மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. அதனால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும், ஒரு சிறு நிலத்தின்பால் மனிதர் காட்டிவரும் பொறுமையை வாசகர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பிரான்சு நாட்டுப் பர்கண்டிப் பகுதியில், டிஜோன் நகருக்குத் தெற்கே, வோன்-ரொமானே என்னும் சிற்றூரில் உள்ளது ரொமானே-கோந்தித் தோட்டம். பரப்பு 1.8 எக்டேர், ஏறத்தாழ நாலரை ஏக்கர். இடைக்காலத்தில் சான் விவான் மடத்துத் துறவியரிடம் இருந்து, பின்னர்க் கைமாறிய இந்நிலத்தை 1760-இல் கோந்தி இளவரசர் வாங்கினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கிற்று. பிறர் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித் தப்பினர். இத்தோட்டத்தாரோ பழைய கொடிகளைக் கைவிட மனமின்றி, மண்ணுள் கார்பன் டைசல்பைடு செலுத்திக் காத்துவந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அம்மருந்து அரிதாயிற்று, கொடிகள் நலிந்தன. 1945-இல் தேறியவை சுமார் 600 புட்டிகளே. அவ்வறுவடையோடு கொடிகள் அனைத்தையும் வேரோடு அகற்றி, ஒட்டுக்கன்றுகளை நட்டனர். 1946 முதல் 1951 வரை அப்பெயரில் ஒரு புட்டியும் வெளிவரவில்லை. ஆறு ஆண்டுகள் வருவாயின்றி ஒரு நிலத்தைப் பேணுவது எத்தகையது என்பதை உழவர் அறிவர்.

அன்று நச்சுமருந்து ஊட்டப்பட்ட அதே மண்ணில், 1980-களின் நடுப்பகுதியிலிருந்து இயற்கை வேளாண்மை நடைபெறுகிறது. இரசாயன உரமில்லை. பூஞ்சை நோய்க்குக் கந்தகமும், நம் உழவரும் அறிந்த போர்டோக் கலவையும் உண்டு. இவை இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்டவையே. டிராக்டரின் பாரத்தால் மண் இறுகாதிருக்கக் குதிரை பூட்டி உழுகிறார்கள்.

குளிர்காலத்தில் கொடிகளைக் குறுகக் கவாத்துச் செய்வர். குலை மிகுந்தால் சாறு நீர்த்துவிடும். ஆகவே விளைச்சலைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர். ஏறத்தாழ மூன்று கொடிகளின் கனி சேர்ந்தே ஒரு புட்டி நிறைகிறது. அறுவடை முழுதும் கையால்தான். பறித்தவற்றை மேசையில் பரப்பி, அழுகியதையும் பழுக்காததையும் பொறுக்கி நீக்குவர். பினோ நுவார் என்னும் இக்கருந்திராட்சையின் சாற்றுக்குச் சிவப்பு நிறமில்லை. தோலே நிறம் தருவதால், தோலோடு சேர்த்தே வாரக்கணக்கில் நொதிக்க விடுகின்றனர். பின்பு ஓராண்டுக்கு மேல் புதிய ஓக் மரப் பீப்பாய்களில் அது அமைதியாகக் கிடக்கும்.

ஆண்டொன்றுக்குக் கிடைப்பவை 5000 அல்லது 6000 புட்டிகளே. சில ஆண்டுகளில் அதனினும் குறைவு. விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அந்தக் கவலையை வாங்குவோர்க்கே விட்டுவிடுவோம்.