நின்றே பிழைப்பவர்களின் இடுப்பு வலி: காலையும் ஒருமுறை அளந்து பாருங்கள்

இடுப்பு வலியோடு எலும்பு மருத்துவரிடம் வரும் ஜவுளிக்கடை விற்பனையாளரின் பையில் பெரிய எம்.ஆர்.ஐ. உறை ஒன்று இருக்கும். கூடவே இடுப்பு பெல்ட்டும், பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டையும். வலி தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். அதுவரை வைத்தியம் பார்த்தவர் மருந்துக் கடைக்காரர்.

பரோட்டா மாஸ்டர், சலூன்காரர், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி என்று யார் வந்தாலும் சொல்வது ஒன்றுதான்: “லீவு அன்னிக்கு வலி இல்ல டாக்டர், வேலைக்குப் போனா சாயங்காலம் பிடிச்சுக்குது.” நாள் முழுக்க நிற்பதே இதற்குப் போதுமான காரணம். ஆனால் சிலருக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: கால்களின் நீள வித்தியாசம். இரண்டு காலும் ஒரே நீளம்தானா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தையல்காரருக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும். சரியாக அளவெடுத்துத் தைத்த பேண்ட்டிலும் ஒரு கால் மட்டும் தரையில் உரசிக் கிழிந்துகொண்டே இருக்கும்.

நிற்பவருக்கு 6 மில்லிமீட்டரும் கணக்கு

கால்கள் இம்மி பிசகாமல் சமமாக இருப்பவர்கள்தான் குறைவு. சராசரியாக 5 மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அது ஊனமும் அல்ல, நோயும் அல்ல. 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம் என்றுதான் வெகுகாலம் சொல்லப்பட்டது.

பின்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலை ஊழியர்களை ஆராய்ந்தவர்கள் 2015-இல் வேறொன்றைச் சொன்னார்கள். நாள் முழுக்க நின்று இறைச்சி வெட்டுபவர்களில், கால் வித்தியாசம் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு இடுப்பு வலி அதிகமாக இருந்தது. பின்னர் நடந்த ஒரு சிறிய சோதனையில், குட்டைக் காலின் காலணிக்குள் தனித்தனியே அளந்து செய்த அட்டை வைத்தபோது வலி குறைந்தது. சிறிய சோதனை என்பதை மறக்கக் கூடாது. இடுப்பு வலி எல்லாமே காலால் வருவது என்று இதை நீட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும் இதைவிட மலிவாக எந்த வைத்தியம் இருக்கிறது?

உதையும் ‘டக்’ சத்தமும்

கால் முன்னே வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் உதைக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. சாதாரணப் பிடிப்பு சில நாட்களில் தானாகவே விடும். பேர் என்னவோ உதைத்தவருக்குப் போகிறது. எலும்பு தேய்ந்து பலவீனமான பாட்டியின் முதுகில் அதே உதை விழுந்தால் முள்ளெலும்பு நொறுங்கிப்போகலாம்.

இப்போது இதற்குப் போட்டியாக ரீல்ஸ் வந்துவிட்டது. மேசையில் படுக்கவைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, “பாருங்க, ஒண்ணு குட்டை” என்பார் ஒருவர். ஒரு முறுக்கு, ஒரு ‘டக்’ சத்தம். கால்கள் சமம்! படுத்திருப்பவரின் இடுப்பு லேசாகச் சாய்ந்திருந்தாலோ, ஒரு காலைச் சற்று கூடுதலாக இழுத்துப் பிடித்தாலோ இந்த வித்தியாசம் வரும், போகும். அந்தச் சத்தம் மூட்டு நீரில் உருவாகும் வாயுக் குமிழியால் வருவது. எலும்பு உண்மையிலேயே குட்டையாக இருந்தால் எந்த முறுக்கலிலும் அது நீளாது. தசை இறுக்கத்தால் குட்டையாகத் தெரிந்தால் அதற்கு வாரக்கணக்கில் உடற்பயிற்சி வேண்டும், ஒரு நிமிட வித்தை போதாது.

சிலர் ஆன்லைனில் சிலிக்கோன் குதிகால் பட்டையை ஜோடியாக வாங்கி இரண்டு காலிலும் போட்டுக்கொள்கிறார்கள். குதிகாலுக்கு மெத்தென்று இருக்கும். வித்தியாசம்? அப்படியே இருக்கும்!

மாத்திரை அட்டையும் டிஸ்க் பயமும்

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாத்திரைகளை மாதக்கணக்கில் தானே வாங்கி விழுங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. வயிற்றில் புண், ரத்தக் கசிவு, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று அவற்றின் பக்கவிளைவுப் பட்டியல் நீளம். இடுப்பு வலிக்குப் போய் டயாலிசிஸில் முடிய வேண்டுமா? பெல்ட்டும் அப்படித்தான், நாள்பட்ட இடுப்பு வலிக்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

எம்.ஆர்.ஐ. தாளில் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்று பார்த்ததும் வேலையை விடத் துணிபவர்களும் உண்டு. இடுப்பு வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலும் 30 சதவீதம் பேருக்கு அந்தப் பிதுக்கம் தெரிகிறது.

அளந்தபின் அட்டை

மருத்துவரிடம் போனால் நிற்கவைத்து, குட்டைக் காலின் அடியில் மரக்கட்டைகளை வைத்து அளப்பார்கள். தேவைப்பட்டால் நின்ற நிலையில் ஒரு எக்ஸ்ரே.

வித்தியாசம் உறுதியானால் குட்டைக் காலுக்கு மட்டும் சில மில்லிமீட்டர் அட்டையில் தொடங்கி, மெல்ல உயர்த்த வேண்டும். பல வருடமாகப் பழகிய உடம்பை ஒரே நாளில் நிமிர்த்தினால் வலி கூடும். 1 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் காலணிக்கு உள்ளே இடம் போதாது, வெளியே காலணியின் அடிப்பாகத்தை உயர்த்த வேண்டும். கடைக்குள் வெறுங்காலோடு நிற்பவருக்கு மட்டும் இந்த வழி அடைபட்டுப்போகிறது.

தயவுசெய்து

கடை முதலாளிகளுக்கு: தமிழ்நாட்டில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, கேரளம் 2018-இல் முந்திக்கொண்டது. ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது, அதில் உட்கார்ந்தவரை மேற்பார்வையாளர் முறைக்காமல் இருக்க வேண்டும். வெறுங்காலில் நிற்கச் சொல்லும் இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பாவது போடுங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளைக்குத் தொடை எலும்பு முறிந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் மூங்கில் பத்தை கட்டிக் காத்திருக்காதீர்கள். முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேர்ந்துவிட்டால் கால் குட்டையாகிவிடலாம்.

நிற்பவர்களுக்கு: சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ ஷிஃப்ட் முடியும்வரை பொறுக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.